பொறி வந்த நேரம்

மார்ச் 3, திங்கள்

ஸ்டேஷன் வேலை இன்று ஆரம்பம். பின்பக்கக் கொட்டகையில் பிடித்துப் போட்ட வண்டிகள் பதினேழு நிற்கின்றன. மாதக் கடைசியில் ஏலம். ஏலத்துக்கு முன்னால் எல்லாம் ஓடவேண்டும் என்று எஸ்.ஐ. கதிரேசன் சொல்லிவிட்டார். கரட்டூரில் வண்டி வயரிங் கடை வைத்திருப்பவன் ஸ்டேஷனில் கூப்பிட்டால் முடியாது என்று சொல்ல முடியாது.

எலி கடிக்காத வயர் ஒன்றுகூட இல்லை. முறுக்கி டேப் ஒட்டிக் கொடுத்தால் இரண்டு மழைக்குத் தாங்காது, பச்சை பூத்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் சால்டர் ஸ்லீவ் போடுகிறேன். உள்ளே தெரிகிற சின்ன பிளாஸ்டிக் குழல், நடுவில் ஈய வளையம். இரண்டு வயர் முனையையும் உரித்து, குழலுக்குள் ஒன்றோடொன்று கோத்து, சூட்டுக்காற்று ஊதுகிற ஹீட் கன்னால் சூடு காட்டினால் ஈயம் உருகி வயரில் இறங்கும், குழல் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். இந்த ஊரில் இதைப் போடுகிறவன் நான் ஒருவன்தான்.

ஏட்டு அமல்ராஜ் டீ வாங்கிக் கொடுத்தார். அவருடைய மகள் மாவட்ட அளவில் கபடி ஆடுகிறாளாம். போனில் படம் காட்டினார்.

TN 4417: இண்டிகேட்டர் வயர் இரண்டு, ஹாரன் ஒன்று. TN 0982: ஹெட்லைட் மூன்று. போன வருஷம் ஒருத்தர் நான் தொடாத வயரை நான்தான் அறுத்தேன் என்று கடைவாசலில் சட்டையைப் பிடித்தார். அன்றிலிருந்து வண்டி எண், வயர் நிறம், நேரம் எல்லாம் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 4

ஐந்து வண்டி முடிந்தது. வெயில். வீட்டிலிருந்து தவமணி கூழ் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

பதினொரு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காசிமாயன். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், முப்பது வயது இருக்கும். தோட்டத்து மோட்டார்களில் செம்புக் கம்பி திருடு போகிறதல்லவா, அந்தச் சந்தேகம். அவரே தன் வண்டியை ஓட்டி வந்தார், பின்னால் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் எஸ்.ஐ. கன்னத்தில் அறைந்தார். காசிமாயன் ஓடப் பார்த்தாரா, தடுமாறினாரா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வண்டிப் பக்கமாக இரண்டு எட்டு வைத்தார். எஸ்.ஐ. வண்டியை உதைத்துத் தள்ளினார். சைடு கவர் உடைந்து தெறித்தது. அதற்குள் கையை விட்டு வயர்க் கொத்தை மொத்தமாகப் பிடித்து இழுத்து அறுத்தார்.

"இப்ப ஓடுறா, பாப்போம்."

காசிமாயன் தரையில் உட்கார்ந்துவிட்டார். உதட்டில் ரத்தம். அந்த நேரத்திலும் அவர் வயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கொட்டகையில் நிறுத்தினார்கள். சி.டி.ஐ. பெட்டிக்குப் போகும் வயர் நான்கும் பிய்ந்திருக்கின்றன. அது இல்லாமல் பிளக்கில் பொறி வராது. ஏல வண்டி இல்லை என்பதால் நான் தொடவில்லை.

மார்ச் 6, வியாழன்

TN 7120, TN 3365, TN 8091 முடிந்தன.

கொட்டகைக்கும் ஸ்டேஷன் பின்னறைக்கும் ஒரே சுவர். மேலே ஒரு கம்பி ஜன்னல். காலை பத்தரைக்கு ஆரம்பித்தது. ஹீட் கன் ஓடும்போது வேறு எதுவும் சரியாகக் கேட்பதில்லை.

ஒரு ஸ்லீவுக்கு முக்கால் நிமிடச் சூடு போதும். இன்று ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு நிமிடம் போட்டேன். இரண்டு கருகிப்போயின. திரும்ப வெட்டி வேறு போட்டேன். மொத்தம் இருபத்து மூன்று.

மதியம் ஏட்டு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. பழைய பேட்டரி கேபிள் இருக்கிறதா என்றார், தடியாக, இரண்டு முழம். பையில் இருந்தது. கொடுத்தேன்.

நாலு மணிக்கு மேல் ஹீட் கன் தேவைப்படவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம் என்று தவமணியிடம் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

கேபிள் கொட்டகை வாசலில் கிடந்தது. கழுவியிருந்தார்கள். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஏட்டு வந்து, மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நேற்று முன்தினம் வந்த வண்டியை முதலில் ஓட வை என்றார். நேற்று இருந்த ஆள் மாதிரி இல்லை, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. ஜீப் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் நின்றது, பின் படுதா இறக்கிக் கட்டியிருந்தது.

TN 5538. சி.டி.ஐ. வயர் நான்கு: கறுப்பு மஞ்சள், கறுப்பு சிவப்பு, வெள்ளை நீலம், பச்சை. சிவப்புப் பட்டை ஸ்லீவ் நான்கு. மணி 11.20க்குப் பிளக்கில் பொறி வந்தது. மூன்றாம் உதைக்கு இன்ஜின் பிடித்தது.

எஸ்.ஐ. சத்தம் கேட்டு வெளியே வந்தார். நல்லா ஓடுது என்று தலையாட்டினார்.

பன்னிரண்டரைக்கு ஏட்டு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஜீப்பும் அதன் பின்னால் போனது.

மார்ச் 8, சனி

ஊரே பேசுகிறது. காசிமாயன் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து தப்பி, தன் வண்டியிலேயே ஓடி, கல்லோடைப் பாலத்தில் தடுப்புச் சுவரை இடித்துக் கீழே விழுந்து செத்தாராம். நேற்று ஆடு மேய்க்கிறவர்கள்தான் உடம்பைப் பார்த்தார்களாம். வியாழக்கிழமை என்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், முன்னூறு பேருக்குக் குறையாது. காசிமாயனின் மனைவி பஞ்சவர்ணம் உடம்பை வாங்க மாட்டேன் என்றாராம். நான் எதிரில் டீக்கடையில் நின்றேன். போகிற வழிதான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த மார்க்கெட் ஆள் ஒருவர் தன் வேட்டியைத் தூக்கி, இங்கிருந்து இங்கே வரைக்கும் என்று பின்தொடையிலும் பாதத்திலும் விரல் வைத்துக் காட்டினார். பாலத்திலிருந்து விழுந்தால் உள்ளங்கால் எப்படியடா கிழியும் என்று கேட்டார். பட்டை பட்டையாக, கட்டைவிரல் அகலம் என்றார்.

ஒரு மணிக்குத் தடியடி. எச்சரிக்கை எதுவும் இல்லை. முதல் அடி ஒரு கிழவர் காதில் விழுந்தது, அவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். பஞ்சவர்ணத்தை இரண்டு பேர் காலைப் பிடித்துத் தார் ரோட்டில் இழுத்துப் போனார்கள், முதுகில் ரவிக்கை கிழிந்து தோல் உரிந்தது. அந்தம்மா கையில் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு இருந்தது. டீக்கடை கண்ணாடி நொறுங்கியது. எனக்குத் தோளில் ஒன்று விழுந்தது. ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 10

ஏட்டு கடைக்கு வந்தார். தட்டச்சு அடித்த தாள். TN 5538 மார்ச் ஐந்தாம் தேதி ஸ்டேஷனுக்கு வந்தபோது நல்ல ஓட்டத்தில் இருந்தது, நான் எந்தப் பழுதும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர்.

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 11

வேலை இல்லை.

மார்ச் 13, வியாழன்

பஞ்சவர்ணம் கடைக்கு வந்தார். கூடவே ஆறு வயசுப் பெண் பிள்ளை. முதுகைக் குனிய முடியாமல் நிமிர்ந்தே நின்றார். மதுரையிலிருந்து வந்த வக்கீல் அம்மா வண்டியைப் பார்வையிட அனுமதி வாங்கியிருக்கிறார். உடைந்த சைடு கவருக்குள் நான்கு புது ஸ்லீவ் தெரிந்ததாம். எங்கு விசாரித்தாலும் என் பெயரைத்தான் சொல்கிறார்களாம்.

"வேற ஒண்ணும் கேக்கலண்ணே. அந்த வயர என்னைக்குச் சேத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

ஞாபகம் இல்லை என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. எதிரே மூடிக் கிடந்த ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். தவமணி கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பிள்ளையைப் பார்த்துவிட்டு, எனக்குக் கொண்டுவந்ததை அதற்கு ஊட்டினாள். யார், எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று பஞ்சவர்ணத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

தவமணி இந்த நோட்டைப் படித்துவிட்டாள். காலையில் நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அடுப்படியில் அவள் மடிமேல் திறந்து கிடந்தது.

"ஆறாந்தேதி எழுதுனதப் படிச்சேன்" என்றாள்.

அது வேலைக் குறிப்பு என்றேன்.

"கேபிள் எதுக்குக் கேட்டாங்கன்னு தெரியாமக் குடுத்தீங்களா?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

"அப்ப தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

அவள் நோட்டை மூடி என் முன்னால் வைத்தாள். கல்யாணமான இருபது வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததில்லை. இன்று பயந்தாள். நான் கையை நீட்டி நோட்டை எடுத்தபோது சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

எழுதிவிடுகிறேன். தெரியும். அவர் கேட்டபோதே தெரியும். இரண்டு கேபிள் இருந்தது. ஒன்று முனையில் பித்தளைப் பூண் வைத்தது. அதைக் கொடுக்காமல் பூண் இல்லாததைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதுவே பெரிய இரக்கம் என்று அப்போது நினைத்தேன்.

மார்ச் 15, சனி

முதல் பஸ்ஸில் மதுரை போனேன். வக்கீல் அம்மாவிடம் நோட்டும் கேபிளும் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார், ஆறாம் தேதியை இரண்டு தடவை படித்தார். இதைக் கொடுத்தால் உங்கள் மேலும் வழக்கு வரலாம், புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று நான் கேட்டது உண்மை. ஒரு பக்கம் கிழிந்தால் மொத்த நோட்டையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள் என்றார்.

திங்கட்கிழமை காலையில் மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைப்பார். அதுவரை அவர் மேஜையிலேயே இருக்கட்டும் என்று இதை அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டில் இதுதான் கடைசி.

மார்ச் 21, வெள்ளி

இது புது நோட்டு. மதுரை ஆஸ்பத்திரி. இன்றுதான் உட்கார முடிகிறது.

பதினேழாம் தேதி மதியம் இரண்டு மணி. ஏட்டு அமல்ராஜும் சாதாரண உடையில் இரண்டு பேரும் வந்தார்கள். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள். ஒருவன் சோதனை விளக்குப் பலகையைச் சுவரில் அடித்து உடைத்தான். இன்னொருவன் ஸ்பேனரால் என் முழங்காலில் அடித்தான், நான் விழுந்தேன். ஸ்டேஷனில் நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டு எங்கே என்று கேட்டார்கள். கோர்ட்டில் என்றேன். ஏட்டு நம்பவில்லை. டிராயரை எல்லாம் கொட்டினார். ஸ்லீவுகள் தரையில் இறைந்தன. பிறகு ஹீட் கன்னைக் கையில் எடுத்தார்.

"இது எவ்வளவு சூடு வரும்?"

முன்னூற்றைம்பது டிகிரி வரைக்கும் என்று சொன்னேன். வாடிக்கையாளர் கேட்டால் சொல்கிற அதே குரலில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மற்ற இருவரும் என் இடது முன்கையை மேஜை வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார்கள். ஏட்டு ஹீட் கன்னை உள்ளங்கைக்கு நேரே பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோல் சுருங்குவது தெரிந்தது. நான் கத்தினேன். நான் கத்துவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அந்த மெஷின் சத்தத்தில். மாற்றி எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அதையும் அவர்கள் கேட்டார்களோ இல்லையோ. மணிக்கட்டு வரை கொண்டுவந்தார்.

தவமணி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். பக்கத்துப் பஞ்சர் கடையில் டயர் நெம்பும் கம்பி அவள் கையில் இருந்தது. ஸ்பேனர்காரன் முதுகில் ஒன்று, ஏட்டின் தோளில் ஒன்று. ஹீட் கன் கீழே விழுந்து ஓடிக்கொண்டே கிடந்தது. ஒருவன் அவளை வயிற்றில் உதைத்தான். அவள் விழுந்த இடத்திலிருந்தே மறுபடி வீசினாள். பஞ்சர் கடைக்காரர் ஷட்டரை மேலே தூக்கிவிட்டார். தெரு முழுக்க ஆள். எல்லோரும் பார்த்தார்கள். மூன்று பேரும் அவர்களுக்கு நடுவே நடந்து போனார்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிவிட்டன. பிரித்துத் தோல் வைத்திருக்கிறார்கள். மடங்காது என்று டாக்டர் சொல்கிறார்.

தவமணிக்கு விலா எலும்பு ஒன்று விரிசல். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள். நான்கு நாளாகப் பேசவில்லை. இன்று, அடிச்சது சரியா பட்டுச்சா என்று கேட்டாள். பட்டது என்றேன்.

மார்ச் 28

பத்தாம் தேதித் தாளில் என்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வக்கீல் அம்மா என் வாக்குமூலத்தில் எழுதினார். மிரட்டவில்லை. கேட்டார்கள், போட்டேன். அதை அப்படியே எழுதச் சொன்னேன். அவர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு இப்படியே எழுதினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சி. இளவயது அம்மா, மெதுவாகப் பேசினார். வயர் நிறம் கேட்டார், நேரம் கேட்டார். வியாழக்கிழமை ஆறு மணிக்கு இந்த வண்டி ஓடியிருக்க முடியுமா என்றார். முடியாது, அம்மா, வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்குத்தான் பொறி வந்தது என்றேன். தடயவியல் ஆள் நான்கு ஸ்லீவையும் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். நான் போட்டதுதான் என்று சொன்னேன்.

பிறகு கேபிளை மேஜைமேல் வைத்தார்கள்.

இதை எதற்குக் கேட்டார்கள் என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெரியும் என்றேன். அறையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. நான் திரும்பவில்லை.

வெளியே வராந்தாவில் பஞ்சவர்ணம் நின்றார். தவமணி என் பக்கத்தில் இருந்தாள்.

"அவரு கடைசியா என்னண்ணே சொன்னாரு? நீங்கதான பக்கத்துல இருந்தீங்க."

தண்ணீர் கேட்டார், கம்பிய நான் எடுக்கல சார் என்று பல தடவை சொன்னார் என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாதும்மா. நான் மெஷினப் போட்டுக்கிட்டேன்."

"கேக்கக் கூடாதுன்னா?"

"ஆமாம்மா."

இரண்டு கையாலும் அடித்தார். முகத்தில், நெஞ்சில், கட்டுப் போட்ட கையில். வலியில் கண் இருட்டியது. தவமணி தடுக்கவில்லை. காவலர் ஒருவர் ஓடி வந்தபோது தவமணிதான் குறுக்கே கை நீட்டி அவரை நிறுத்தினாள். பஞ்சவர்ணம் தானாக நிறுத்தும் வரை நின்றேன். மூச்சு வாங்கியது அவருக்கு. முந்தானையால் கையைத் துடைத்தார், என் மருந்து அதில் ஒட்டியிருந்தது.

"உங்கள நான் மன்னிக்கப் போறதில்ல" என்றார். "ஆனா கேஸ் முடியிற மட்டும் நீங்க உசுரோட இருக்கணும்."

ஏப்ரல் 19

எஸ்.ஐ. கதிரேசனையும் ஏட்டு அமல்ராஜையும் கைது செய்துவிட்டார்கள். கொலை வழக்கு. கேபிள் கொடுத்ததற்கு என் பெயரையும் சேர்ப்பதா, சாட்சியாகவே வைப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஏட்டின் மகள் கபடிப் போட்டிக்குப் போகவில்லை என்று யாரோ சொன்னார்கள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

மே 11

கடை திறந்தேன். ஒற்றைக் கையால் ஸ்லீவுக்குள் வயரை நுழைக்கப் பழகவேண்டும். இன்று ஆறு போட்டதில் நான்கு சரியில்லை. ஹீட் கன்னைத் தவமணி பிடித்தாள். எனக்கு அதை எடுக்க வரவில்லை.

ஜூன் 23

எஸ்.ஐ.க்கு ஜாமீன். இரண்டு பேர் மூன்று நாளாகக் கடைக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் ஸ்பேனர்காரன். தவமணியைத் தங்கச்சி வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை.

ஜூலை 2, புதன்

செஷன்ஸ் கோர்ட்டில் முதல் வாய்தா. காலை ஏழு மணி பஸ். தவமணிக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். பஞ்சவர்ணம் முன்பக்கம் பெண்கள் சீட்டில் இருந்தார். ஏறும்போது என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். ஏப்ரலிலிருந்து எங்களுக்குள் ஒரு வார்த்தைப் பேச்சு இல்லை. நான் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

செக்போஸ்ட் நிறுத்தத்தில் அந்த இரண்டு பேரும் ஏறினார்கள். டிக்கெட் வாங்கவில்லை. ஒருவன் என் சீட்டுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தான். முன்னால் சாய்ந்து, என் கழுத்துப் பக்கம் மூச்சுப் படும்படி, கை எப்படிண்ணே இருக்கு என்றான். இன்னொருவன் என் வரிசைக்கு நடந்து வந்தான். பக்கத்தில் இடம் காலி. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். இதை எழுதுவதில் வெட்கம் இல்லை, எல்லாம் எழுதியாயிற்று.

பஞ்சவர்ணம் எழுந்து வந்தார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, என் பக்கத்துக் காலி சீட்டில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். கால் இரண்டையும் நடைவழிக்கு நீட்டி வழியை அடைத்தார். பின்னால் திரும்பி அவனைப் பார்த்தார், அவன் சாய்ந்து உட்கார்ந்தான். நாற்பது நிமிடமும் பஞ்சவர்ணம் என்னைப் பார்க்கவே இல்லை.

கோர்ட் நிறுத்தத்தில் அவர் முதலில் இறங்கினார். ரோட்டைக் கடந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நான் இறங்கும் வரை படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.